அண்ணாச்சி கட்டிய ஏழை வேஷம்

நெளிந்துபோன ஒரு அலுமினியத் தட்டு. எங்கள் முதலாளி அண்ணாச்சியை நினைத்தால் அதுதான் முதலில் கண்முன் வருகிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுக்கொண்டு வருஷா வருஷம் பிச்சைக்கார வேஷம்தான் கட்டுவார். முக்கூடலில் பிரஷ் கம்பெனி வைத்திருக்கிற மனுஷன், முகத்தில் கரியைப் பூசி, கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, அந்தத் தட்டை நீட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்பார். "அம்மா, தாயே" என்று அவர் இழுக்கிற இழுப்பில் தெருவே சிரிக்கும். விழுவதெல்லாம் அம்மன் உண்டியலுக்கு. அதில் அவருக்குத் துளி வெட்கம் கிடையாது. எங்களுக்கும்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை. சாத்தான்குளம் பக்கமிருந்து பனந்தும்பு, அதாவது பனைமட்டை நார், வரும். கட்டையில் துளை போட்டு, தும்பை இறுக்கி, தரை தேய்க்கிற பிரஷ்ஷாக்கி, தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புவோம். மெஷினில் உட்காருவது எல்லாம் பெண்கள். என் மதினியும் அதில் ஒருத்தி. அண்ணன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த மெஷினை நம்பித்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பிரஷ் அங்கே விலை போனதற்கு ஒரு சலுகைதான் காரணம். ஐரோப்பிய நாடுகள் கூட்டுச் சேர்ந்து, நம்மைப் போன்ற நாடுகளில் செய்த சரக்குக்கு இறக்குமதி வரியைக் குறைத்து விடுகின்றன. வேறு எங்கோ செய்ததை வாங்கி நம் பெயரில் அனுப்பக் கூடாது, இங்கேயே செய்திருக்க வேண்டும். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. துறைமுகத்து ஏஜெண்டு அண்ணாச்சியிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அது ஏழை நாடுகளுக்குக் குடுக்குத சலுகை அண்ணாச்சி. அங்க நம்ம சரக்கை வாங்குத கம்பெனியில இருந்து ஒரு அம்மா பார்க்க வாராவ."

ஏழைக்குக் கொடுக்கிற சலுகை என்றால், நம்மைப் பார்த்தால் ஏழையாகத் தெரிய வேண்டாமா? அண்ணாச்சியின் கணக்கு அது. மெஷின்களை எல்லாம் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினோம். சில பெண்கள் மட்டும் வந்தால் போதும், பழைய சேலை, காதிலே மூக்கிலே ஒன்றும் வேண்டாம், தரையில் உட்கார்ந்து கையால் தும்பு கட்டுங்கள் என்றார்.

"மூக்குத்தி கழற மாட்டேங்கு அண்ணாச்சி. மூக்கோட அறுத்து வச்சிரட்டா?" என்றாள் மதினி. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏ பிள்ள, ஒருநா பொழுதுதான. தசராவுக்கு நான் கட்டலியா?"

"நீங்க அம்மனுக்குக் கட்டுதீய. இது யாருக்கு?"

நான் எதற்கும் பயப்படுகிறவன். "மெஷின் எங்கன்னு கேட்டா என்ன சொல்ல, அண்ணாச்சி?" என்றேன். "ஏலே, நீ பயந்தே சாவப்போற. போய்ப் பெட்டியக் கட்டு" என்றார்.

வந்த அம்மா நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். மதினியை ஒரு பிரஷ் செய்து காட்டச் சொன்னாள். மெஷினில் பார்க்காமலே ஓட்டுகிறவள் மதினி. கையால் கட்டிப் பழக்கமில்லை. தும்பு சரிந்தது, கம்பி விரலைக் கிழித்தது. அந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, நான் அடுக்கிவைத்திருந்த பெட்டிகளை நிமிர்ந்து பார்த்தாள். மொழிபெயர்க்க வந்த சென்னைப் பையன் சொன்னான்: "இப்படிச் செஞ்சா ஒரு கண்டெய்னர் எப்படி நிரம்பும்னு கேக்குறாங்க. மீதி பிரஷ்ஷை எந்த நாட்டுலேர்ந்து வாங்குறீங்கன்னும் கேக்குறாங்க."

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, இங்கனதான் செய்யுதோம். மெஷின் இருக்கு" என்று அவளை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். தார்ப்பாயை விலக்கினால், கரண்டு இணைப்பில்லாமல், தவிட்டுத் தூசிக்குள்ளே நிற்கின்றன மெஷின்கள். யார் நம்புவார்கள்? அவள் மெஷின்களைப் பார்த்தாள். பிறகு, பின்னாலேயே வந்திருந்த மதினியின் காதில் வெறுமையாகத் தெரிந்த கம்மல் ஓட்டையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. எங்களுக்காக அவள்தான் வெட்கப்பட்டாள்.

இங்கே செய்த சரக்குதான் என்று நம்ப முடியவில்லை என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். சலுகை இல்லாத விலைக்கு வேறு ஆள் வரவில்லை. அண்ணாச்சி கம்பெனியை மூடிவிட்டார். மதினி இப்போது தினமும் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிறாள். மூத்தவன் படிப்பை விட்டுவிட்டான், என்னைப் போலவே. பொய் சொன்னோம் என்பதைவிட இன்னொன்றுதான் என்னைக் குடைகிறது. நாங்கள் செய்யத் தெரிந்தவர்கள். அதைப் பார்க்கத்தான் அந்த அம்மா அவ்வளவு தூரம் வந்தாள். அதைத்தான் ஒளித்துவைத்தோம்.

இந்த வருஷத் தசராவுக்கு அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். அதே கரி, அதே சாக்கு, அதே நெளிந்த தட்டு. "அம்மா, தாயே" என்றார். பழைய இழுப்பு இல்லை. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. ரூபாயை எடுத்துக்கொண்டு போன என் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. காணிக்கை போடுகிறேனா, பிச்சை போடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மதினிதான் அதை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்து, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மனுக்கு அண்ணாச்சி. பைய போயிட்டு வாங்க" என்றாள்.

அண்ணாச்சி தலை நிமிரவில்லை. நானும்தான்.