ஆட்டோவைப் பறித்துப்போகும் காட்சி

பிள்ளைகளே, பெங்களூர் விவேக் நகரில் நம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு படம் எடுத்தார்கள். நாலைந்து இளைஞர்கள் கைக்காசு போட்டு எடுத்தது. கம்பெனிகள் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்துகின்றன, வீட்டு வாடகை நிற்கிறது, மளிகைக் கடையில் கூட்டம் குறைகிறது, ஆட்டோவுக்குச் சவாரி இல்லை. அந்தக் கஷ்டம் காட்சி காட்சியாக ஊரில் பரவுவதுதான் கதை. ஆட்டோக்காரனாக நான்.

கதைப்படி, தவணை கட்டாத என் வண்டியை பைனான்ஸ் ஆட்கள் பறிக்க வேண்டும். கேமராவை எதிர்மாடியில் மறைத்து வைத்திருந்தார்கள். டைரக்டர் சின்னப் பெண். "அங்கிள், நீங்க பேசவே வேணாம். நான் கட் சொல்ற வரைக்கும் சும்மா நில்லுங்க, போதும்" என்றாள்.

நின்றேன். நடிகர்கள் இருவர் சாவியைப் பிடுங்கினார்கள்.

அப்போது ஸ்டாண்டிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். என் பழைய கூட்டாளி. சவாரி வரிசையில் வந்த ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக என்னோடு பேசாதவன்.

"சார், சார், உட்ருங்க சார். புள்ளகுட்டிக்காரன். நான் ஜாமீன் நிக்கிறேன். வேணும்னா என் வண்டிய எடுத்துகினு போங்க" என்று அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினான். பிறகு என் தோளை உலுக்கினான். "ஏன்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சினிமாடா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மாடியிலிருந்து "கட்" என்று கத்தினார்கள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். "நல்லா நடிக்கிறடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுதான் படத்திலேயே சிறந்த காட்சி என்றாள் டைரக்டர். ஆனால் அவன் சம்மதம் வேண்டுமே. அதற்குள் அவன் ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குக் குடிபோயிருந்தான். நானும் அவளும் போனோம். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தான்.

"படத்துலேர்ந்து என் மூஞ்சிய எடுத்துடும்மா. கேமரான்னு தெரிஞ்சா நான் வந்தே இருக்க மாட்டேன்" என்றான் அவளிடம். என் பக்கம் திரும்பவே இல்லை. "மன்னிச்சுக்கடா" என்று வாசலில் நான் சொன்னது டெம்போ சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ.

அவள் வாக்குத் தவறவில்லை. அவன் வரும் பகுதியை முழுதாக வெட்டிவிட்டாள். அன்று நீங்கள் திரையில் பார்த்தது அவ்வளவுதான்: என் வண்டி போகிறது, நான் நிற்கிறேன், தெரு தன்பாட்டுக்கு நடக்கிறது. படம் முடிந்ததும் ஒருவர் மைக் பிடித்து, "இதுதான் இன்றைய பெங்களூர். அடுத்தவன் வீடு எரிந்தாலும் கேட்க நாதியில்லை" என்றார். அரங்கமே கைதட்டியது. நீங்களும் தட்டினீர்கள்.

எழுந்து மறுத்திருப்பேன். ஆனால் தன்னைக் காட்டாதே என்று சொன்னவனை நான் எப்படிக் காட்டுவது? அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்: அன்றைக்கு ஒருவன் கேட்டான்.