அம்மாவுக்கும் பாத்திகளுக்கும் நடுவில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் தம்பியாகிய நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றிப் படுக்கவைத்த பிறகு பேனாவை எடுத்தால் கண் சொக்கிவிடுகிறது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சேத்தூரில். அப்பா காலமான பின் நாங்கள் ராஜபாளையம் வந்தோம். அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அலுவலக வேலை கிடைத்தது. கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டேன். அக்காவுக்கு வரன்கள் வந்தன, எதுவும் அமையவில்லை. வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அக்கா வேலையை விட்டார். எலும்பு கூடி அம்மா நடக்கத் தொடங்கினார். ஆனால் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வெளியே எங்கும் போக முடியாத அந்த நாட்களில்தான் அக்கா கொல்லையில் செடி வைத்தார். கத்தரி, வெண்டை, பந்தலில் அவரை.

"அம்மா தூங்குற நேரத்துல கைக்கு ஒரு வேலை வேணும்லா," என்பார்.

பிறகு ஆலயத்தின் பின்புறம் முள் மண்டிக் கிடந்த இடத்தைச் சபைப் பெண்களோடு சேர்ந்து சுத்தம் செய்து பாத்தி கட்டினார். அங்கே விளையும் காய்கள் தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போகும். தினமும் காலையில் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய் வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவார்.

ஒருநாள் அவர் குழாயடிக்குப் போன நேரத்தில், அம்மா களை என்று நினைத்து ஒரு பாத்தி மிளகாய் நாற்று முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். சபைச் சகோதரி ஒருவர் முகத்துக்கு நேரே, "இவங்கள வீட்டுல விட்டுட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். அக்கா பிழைக்கக்கூடிய நாற்றுகளைப் பொறுக்கி எடுத்துத் திரும்ப நட்டார். அன்று மாலை எனக்குப் போன் செய்தார்.

"ஏலே, ஒரே ஒரு மாசம் அம்மாவ நீ வச்சுக்கிறியா? எனக்கு முடியலலே. நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு."

"மாடி வீடுக்கா. அம்மாவால படி ஏற முடியாதே. பொறவு பாப்போம்."



"சரிலே. நீ சாப்பிட்டியா?" என்றார்.

பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. நான் கீழ்வீடு ஒன்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இதை மறைத்துவிட்டு அக்காவின் பொறுமையைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசி மாதங்களில் குடம் தூக்கினால் அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு லட்சுமி அத்தை, டாக்டரிடம் போகும்படி பலமுறை சொல்லியிருக்கிறார். "அம்மாவ யாருகிட்ட விட்டுட்டுப் போக, அத்தே?" என்பாராம் அக்கா. ஒரு காலையில் ஆலயத் தோட்டத்தில் பாத்தியருகே உட்கார்ந்தவர் எழவில்லை. தகவல் தெரிந்து ஓடிவந்த அத்தைதான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது.

அடக்கம் முடிந்த வாரமே நானும் மனைவியும் ராஜபாளையம் வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கிருந்து தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். அக்கா ஒற்றை ஆளாகச் செய்ததை இரண்டு பேர் செய்கிறோம். அப்படியும் சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோகிறோம். கொல்லையில் பாதிச் செடிகள் பட்டுப்போய்விட்டன. அவரைப் பந்தலை மட்டும் மனைவி எப்படியோ காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

அக்காவை மடியில் தாங்கிக்கொண்டு போன லட்சுமி அத்தைக்கும், கூப்பிடாமலே வந்துநின்ற ஆட்டோக்காரருக்கும், பழைய கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. ஆலயத் தோட்டத்தைச் சபைப் பெண்கள் வாடவிடவில்லை. அன்று கடிந்துகொண்ட சகோதரிதான் இப்போது வாரத்தில் சில நாள் வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்டுப் போகிறார். அவருக்கும் எங்கள் நன்றி.

நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் துக்கம் விசாரிக்க வேண்டாம். அக்கா இறந்ததை இரண்டு முறை சொன்னோம். இரண்டு முறையும் அப்போதுதான் கேட்பவர்போல் கதறி அழுதார். இப்போது சொல்வதில்லை. "பெரியவ எங்க?" என்று உங்களிடமும் கேட்பார். தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லுங்கள்.

"வெயிலு ஏறிட்டு, வரச்சொல்லு," என்பார்.

"இந்தா வாரா," என்று சொன்னால் போதும்.