மாட்டுப் பவுண்டில் ஒரு பூனை

முதலில் அரித்தது என் இடது மணிக்கட்டு. கார்த்திகை மாதம், விளக்கு வைக்கும் நேரம். கொசு கடித்திருக்கும் என்று சொறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடம். நாலைந்து நாளில் முழங்கை, வயிறு, வேட்டி கட்டும் இடுப்பு என்று ஊர்வலமே கிளம்பிவிட்டது.

நான் அப்போது உத்திரமேரூரில் மாட்டுப் பவுண்டுக் காவலன். பயிரை மேய்ந்த ஆடு மாடுகளைப் பிடித்து வந்து பவுண்டில் அடைப்பார்கள். சொந்தக்காரர் மணியக்காரரிடம் சீட்டு வாங்கி வந்து மீட்டுக்கொண்டு போவார். அதுவரை தண்ணீர் காட்டுவதும், வைக்கோல் போடுவதும், இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் உத்தியோகம். இயல்பிலேயே ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன் நான். அரிப்பும் சேர்ந்துகொண்டதும் என்னைப் பார்ப்பவர்களுக்கே அலுப்பாக இருந்திருக்கும்.

என் மனைவி பத்மா பிரசவத்துக்காக மானாம்பதியில் தாய் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. காணும் பொங்கல் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

இனி பூனைக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் யாரோ ஒரு கோணியைப் பவுண்டுச் சுவருக்கு மேலாக உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டாத பூனையை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதுதான் ஊர் வழக்கம். மழையில் அவ்வளவு தூரம் நடக்க அந்த மகராசனுக்குச் சோம்பல். கட்டை அவிழ்த்ததும் சாம்பல் நிறத்தில் ஒன்று பாய்ந்து வைக்கோல் போருக்குள் புகுந்தது. நாலு நாளைக்கு அதன் கண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

பவுண்டுக்கு வரும் எந்தப் பிராணியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விளையாட்டாக இதையும் எழுதினேன். நிறம், சாம்பல். கொம்பு, இல்லை. அடையாளம், காதோரம் தவிடு ஒட்டினாற்போலச் சொறி. மாட்டுக்கு என்றால் மறுநாளே யாராவது கத்திக்கொண்டு வருவார்கள். இதைத் தேடி ஒருவரும் வரவில்லை.

சோற்றில் கருவாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு நான் நகர்ந்தால்தான் இறங்கும். தொட விடாது. ஆனால் நான் கழற்றிப் போட்ட துண்டில், நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து படுத்துக்கொள்ளும். துண்டில் முடியைக் கண்டு எனக்கு ஒரே பெருமை. சொறியும் அந்தத் துண்டு வழியாகத்தான் வந்தது என்பது பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல பூனை இருக்குதா?"

"வூட்ல இல்ல சார். பவுண்டுல கீது."

அவர் சிரித்தார். ஸ்கேபீஸ் (தோலுக்குள் துளைபோட்டுக் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வரும் சொறி) என்றார். "இது பூனையோட பூச்சி. உன் தோல்ல ரொம்ப நாள் தங்காது. ஆனா பூனைக்குக் குணமாகிற வரைக்கும் உனக்கும் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும். துணியெல்லாம் கொதிக்க வை." உடம்புக்குப் பூச ஒரு புட்டியில் வெள்ளை மருந்து கொடுத்தார்.

அந்த வாரம் மானாம்பதிக்குப் போனேன். மாமியார் என் கையைப் பார்த்தார். வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார். "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. பச்சக் கொயந்தைக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது? அந்தப் பூனை போவணும், ஒங்க கையும் ஆறணும். அதுக்கப்புறம்தான் என் பொண்ணு அங்க வருவா." பத்மா உள்ளேயிருந்தே குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். அதுவரை என் மகளை நான் ஒருமுறை கூடத் தூக்கியதில்லை. வழி நெடுகச் சொறிந்துகொண்டே திரும்பினேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் எல்லாம் பூனையின் மேல்தான்.

வந்த வேகத்தில் கோணியை எடுத்தேன். போரின் மேலிருந்த பூனை கோணியைக் கண்டதும் ஓடவில்லை. அப்படியே கல்லாகிவிட்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்குக் கை வரவில்லை. கோணியை வீட்டுக்குள் கொண்டுபோய் மறைத்து வைத்தேன். ஏரிக்கரை வேண்டாம், ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது சொறி பிடித்த பூனை இருந்தால், நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். நமக்குக் கொடுத்த மருந்துதானே என்று என் வெள்ளை மருந்தையே அதற்குப் பூசினேன். துண்டில் தூங்கும்போது போர்த்திப் பிடித்து, மாட்டுக்குப் பூசுவதுபோல முதுகு வால் எல்லாம் தாராளமாகப் பூசினேன். விட்டதும் மூலையில் உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை. பின்னங்கால் தள்ளாடியது.

கூடையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் என்னை விளாசிவிட்டார். "மாடு நக்கினா ஓர் இடத்தை நக்கும். பூனை உடம்பு முச்சூடும் நக்கும்யா. மேல பூசினது எல்லாம் அதுக்கு உள்ளுக்குக் குடுத்த கணக்குதான்." வெந்நீரைப் பதமாக விளாவிச் சோப்புப் போட்டு அவரே கழுவினார். மாலைவரை பிழைக்குமா என்று சொல்லவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்குமாக நான் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சீறியது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

தேங்காயெண்ணெயில் கந்தகப்பொடி கலந்து, காதிலும் தலையிலும் மட்டும் துளியாகத் தடவச் சொன்னார். நக்காமல் இருக்க ஒரு பனையோலை விசிறியின் காம்பை நறுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, கழுத்தில் மாட்டிவிட்டார். விசிறியும் தானுமாக அது பவுண்டுக்குத் திரும்பியது. தினம் ஒருமுறை அதைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

மார்கழி நடுவில் காதில் புது முடி துளிர்த்தது. என் கையிலும் தடிப்பு அடங்கி வந்தது. வீடுதான் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் விசிறியைக் கண்டு சிரித்தார்கள். அது அவர்களைக் கண்டு போரில் மறைந்தது. கண்ணில் படாத பூனையை யார் கேட்பார்கள்?

அப்போதுதான் அந்தத் தண்டோரா. யாரும் தேடி வராத மாட்டுக்குத் தண்டோரா போடுவது முறை. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு செவலைக் கிடாரிக்காகத் தண்டோராக்காரன் கன்னியப்பன் வந்தான். பதிவேட்டைப் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, இன்னாண்ணே இது, பூனையும் கீது?"

"அதையும் சேத்து அடிச்சுடேன்" என்றேன். என் கெட்ட நேரம்.

தெருத்தெருவாகக் கேட்டது அவன் குரல். "சாம்பல் நெறம்! கொம்பு இல்ல! வாலு கீது! சொந்தக்காரங்க வந்து ஓட்டிக்கினு போலாம்!"

ஊரே திரண்டு வந்தது. கிடாரியை ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் போரைச் சுற்றிக் கூச்சல் போட்டன, ஒருவர் குச்சியால் குத்தினார். பூனை கொட்டகையின் விட்டத்தில் ஏறிவிட்டது. மூன்று நாள் இறங்கவில்லை. சோறு இல்லை, மருந்தும் இல்லை. விசிறி மாட்டிக்கொண்டதில் கழுத்துப் புண்ணாகி ஈ மொய்த்தது. நான் ஏணி போட்டால் இன்னும் தள்ளிப் போகும். நான் கீழே நடை நடப்பதும் அது மேலே நடுங்குவதுமாக மூன்று நாள் போயிற்று. என் மணிக்கட்டு மறுபடி அரிக்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் ஒரு சினை ஆட்டைக் கொண்டுவந்து அடைத்தார்கள். பின்னாலேயே முனியம்மா வந்தாள். திருப்புலிவனத்துக்காரி, களையெடுப்புக்குப் போகிறவள், என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருப்பாள். மணியக்காரர் வெளியூர் போயிருந்தார். சீட்டுக்காக அவள் புருஷன் அவர் வீட்டு வாசலில் காத்திருக்க, இவள் ஆட்டை விட்டு நகரமாட்டேன் என்று பவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கூழைக் குடித்தாள். ஆட்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாளாய் அவ்வளவு அமைதியாக யாரையும் நான் பார்த்திருக்கவில்லை.

சாயங்காலம் நான் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தேன். விட்டத்திலிருந்து பூனை இறங்கியது. சுவர், வைக்கோல், தரை. விசிறியை இழுத்துக்கொண்டு வந்து ஆட்டின் வயிற்றோடு ஒண்டிப் படுத்தது. நான் ஓடப் போனேன்.

"ணா, செத்த சும்மா நில்லு." முனியம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. "வந்ததுலருந்து பாத்துக்கினு கீறேன். நீ நெளிஞ்சிக்கினே கீறே. அதுக்கும் பேஜாரா கீது."

நின்றேன். மணிக்கட்டு அரித்தது. சொறியாமல் நின்றேன். இருட்டும் முன் அவள் விரல் பூனையின் காதருகே இருந்தது. அது நகரவில்லை.

மறுநாள் சீட்டு வந்தது. "எங்க வூட்ல எலி தொல்ல தாங்கல. இது வருமா?" என்று கேட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டி, இன்னும் இரண்டு வாரம் தடவ வேண்டும், கழுத்துப் புண்ணையும் பார்க்க வேண்டும், பூசினால் கையைக் கழுவ வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். "அதுக்கு இன்னா, பூசறேன்" என்றாள். கோணி வேண்டாம் என்று சொன்னேன். கூடையில் என் துண்டைப் போட்டு வைத்தோம். பூனை அதுவாக ஏறிப் படுத்தது. ஆடு முன்னால், கூடை தலையில். வேலியோரம் திரும்பும் வரை நின்று பார்த்தேன். மாட்டுப் பொங்கலுக்கு அந்தச் செவலைக் கிடாரி உட்பட எல்லா மாடுகளையும் சொந்தக்காரர்கள் மீட்டுக்கொண்டு போக, பவுண்டு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சோற்றில் கருவாட்டைப் பிசைந்தபிறகுதான் யாருக்கு வைக்கிறேன் என்று நினைவு வந்தது.

பத்மா வந்தாள். கை ஆறியிருந்தது. மாமியார் இரண்டு உள்ளங்கையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கொடுத்தார். அந்தக் கனத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. "சொந்த வூட்லயே இன்னா திருடனாட்டம் நடக்கிறீங்க?" என்று சில நாள் கழித்துப் பத்மா கேட்டாள். கதவை மெல்லத் திறப்பதும் அடியை அடக்கி வைப்பதும் எனக்கே தெரியாமல் பழகிப்போயிருந்தது.

மாசியில் திருப்புலிவனம் போனேன். முனியம்மா வீட்டு வாசலில் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விசிறி இல்லை, உடம்பெல்லாம் முடி. என்னைக் கண்டதும் ஒரே பாய்ச்சலாகக் கூரைக்குள் ஏறிவிட்டது.

"வெளியாளு வந்தா இப்டித்தாண்ணா ஏறிக்கும்" என்று சிரித்தாள் முனியம்மா.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே வலித்தது. பிறகு உட்கார்ந்தேன். அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூரையிலிருந்து வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, அது இறங்கவில்லை. வெளியாள் என்று என்னைச் சொல்ல அதற்கு ஒரு வீடு இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மணிக்கட்டு இன்றும் அரிக்கிறது. தோலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் சொறிவதில்லை. அந்த நேரத்தில் மகள் என் மடியில் தூங்குவாள், அசைந்தால் விழித்துக்கொள்வாள்.