வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த பற்றரி

சனி விடிய, ஓலைத்தொடுவாய்க் கிராமத்தைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிமுனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மீள்குடியேறிய தன் கரண்ட் இல்லாத தகரக் கொட்டிலில் எனக்கும் இடம் தந்த அக்கா, பள்ளிமுனைக் கடையில் ஒருமுறை சார்ஜ் போட்ட டிவி பற்றரி கிழமை முழுக்கத் தாங்க வேண்டும் என்று திங்கள் நாடகத்தையும் வெள்ளிச் செய்தியையும் மட்டும் தெரிந்தெடுத்து வைத்திருந்தா. செய்தியில் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகிறவர்களைக் காட்டுவார்கள். அவ தன் மகனைத் தேடுவா. வியாழன் பகல் அவ கருவாடு காயவைக்கப் போனபோது நான் ஒரு முழுப் படம் பார்த்துவிட்டேன். மறுநாள் செய்தி தொடங்கியதுமே திரை சுருங்கி அணைந்தது.

“சார்ஜ் போட்டவன் அரைகுறையாய்ப் போட்டுப் பேய்க்காட்டிப்போட்டான், என்ன தம்பி?”

“ஓம் அக்கா,” என்றேன்.

அந்த ஓமுக்குப் பிறகு அவவின் சோற்றுக் கோப்பையைத் தொட முடியவில்லை. அடுத்த நாள் காலை, பள்ளிமுனையில் அதே கடையில் பற்றரிகளுக்குச் சார்ஜ் போடும் வேலைக்குச் சேர்ந்தேன்.