ஓர் அடுக்கு கூட, ஓர் அடுக்கு குறைய

அடுக்குப் பலகாரம் செய்கிறவளுக்கு அவசரம் ஆகாது. கீழே ஊற்றியது உறைவதற்கு முன் மேலே ஊற்றினால் இரண்டும் கெட்டுப்போகும். நடந்ததைச் சொல்வதும் அப்படித்தான் போலிருக்கிறது. எனக்கு அங்கேதான் பயம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னால் வர வேண்டியதைப் பின்னால் சொல்லி, யார் வீட்டுக் கதையையாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று எழுதின வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆனாலும் என்னைப் போல வீட்டு அடுப்படியில் ஆர்டர் எடுத்து, ஃபிரிட்ஜில் சொந்த வீட்டு மோருக்குக் கூட இடமில்லாமல் அல்லாடுகிற பெண்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காவது இது புரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடந்த மாதங்களில், நத்தத்தில் கட்டிக்கொடுத்த என் ஒரே மகள் அமலா மூன்றாம் தடவையாக உண்டாகியிருந்தாள். முந்தின இரண்டும் தங்கவில்லை.

டீச்சர் வீட்டுக் கிண்ணம்

நான் அதிகம் செய்வது கடல்பாசி, சைனா கிராஸ் என்பார்களே அதுதான். காய்ச்சி, தேங்காய்ப்பால், நன்னாரி, பீட்ரூட் சாறு என்று ஒவ்வொன்றிலும் கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நிறம் நிறமாக ஊற்றுவேன். விரல் நுனியால் தொட்டால் ஒட்டக் கூடாது. அப்புறம்தான் அடுத்த நிறம். வாங்கிப்போனவர்கள் வீட்டில் தட்டைப் போட்டுக் கவிழ்த்தால் கோபுரம் மாதிரி நிற்கும்.

எங்கள் பின்தெரு லூர்து டீச்சர் மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஒரு கிண்ணம் சொன்னார். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு நிறம், அதனால் ஐந்து அடுக்கு. அந்த யோசனை அவருடையதுதான். அன்று சாயங்காலமே, கவிழ்த்தபோது உச்சியில் நிறமே இல்லாமல் கண்ணாடி போல ஆறாவதாக ஓர் அடுக்கு நின்றது என்று சொல்லியனுப்பினார். நான் ஐந்துதான் ஊற்றினேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து, பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "மேரி, டாக்டரம்மாவுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வேடசந்தூர்ப் பால் காய்ச்சு

டீச்சர் வீட்டுப் படம் போன் போனாகச் சுற்றியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அடுக்கு என்றே கேட்டார்கள். அப்படி வந்தவன் சரவணன், வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை. புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அவன், மனைவி, மகன், அம்மா என்று நான்கு அடுக்கு. பைக்கின் முன்னால் வைத்து, குழந்தையைக் கொண்டுபோவது போல மெதுவாகக் கொண்டுபோனான்.

மத்தியானம் போன் வந்தது. கிண்ணம் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடம் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு போன அவன் அண்ணன், செத்துவிட்டானா இருக்கிறானா என்றே தெரியாதவன், ஒரு பையோடு வந்து புது வீட்டு வாசலில் நிற்கிறானாம். அம்மா மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பி, எல்லாரும் அழுது முடித்துப் பலகாரத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள். சரவணனின் குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது: "அக்கா, அஞ்சு இருக்கு. எங்கண்ணன் வர்றது எங்களுக்கே தெரியாதே, நீங்க அவருக்கும் சேத்துல்ல வச்சு விட்டிருக்கீங்க."

பச்சை நிறம்

அதற்குப் பிறகு நான் எண்ணி எண்ணி ஊற்ற ஆரம்பித்தேன். அடுப்பு ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம், உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் இரண்டு தடவை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செபம் சொல்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டார்.

பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து ஓர் ஆர்டர். பெரியவர் ஒருவருக்குக் கல்யாண நாள்; அவர், மனைவி, மகன், மருமகள். தென்னந்தோப்புக்காரர் என்பதால் தனக்குப் பச்சைதான் வேண்டும் என்று அவரே கேட்டாராம். பிரண்டை மாதிரி நல்ல பச்சை வரவேண்டும் என்று புதினாவும் தாழை மாதிரி நீளமான பாண்டன் இலையும் அரைத்து வடிகட்டினேன். மகன் வந்து வாங்கிப்போனான்.

அன்று பெரியவரே என்னைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டாம் நாள் காலையில் அவர் தோப்புக்குத் தண்ணீர் திருப்பப் போனார். வாய்க்கால் ஓரத்திலேயே படுத்த மாதிரி கிடந்தாராம். அவர் என்னோடு பேசியது அந்த ஒரே தடவைதான். சிரித்துக்கொண்டே சொன்னது இது: "ஏனுங்கம்மணி, நாலு சொன்னமுங்க, மூணுதான் இருக்குதுங்க, பச்சையைக் காணமுங்க. பரவால்லீங்க, எனக்குத் தித்திப்பு ஆகாதுங்க."

குறைத்துக் கேட்டவள்

இந்த மாதிரிச் சேதி எப்படித்தான் பரவுமோ. பிள்ளை வரம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஓர் அடுக்கு கூட வையுங்கள், அம்புட்டுத்தான், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

மூன்றாவதாக வந்தவள் நன்றாக உடுத்தியிருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள், என் மகளை விசாரித்தாள், கிண்ணங்களைத் தூக்கிப் பார்த்தாள். வீட்டில் நான்கு பேர் என்றாள். சரி, நாலா என்று கேட்டேன். தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "நாலு பேருதாங்க்கா. ஆனா மூணு வைங்க. மாமியார் இருக்காங்க."

மகள் கண்டுபிடித்தது

தனக்கு ஏழாம் மாதம் பிறப்பதற்கு முன் ஒரு வாரம் அமலா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரே கிண்ணத்தை நான் நாலு தடவை எண்ணுவதைப் பார்த்து அவளே விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்த நேரம் நான் ஊற்றுவதையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் அப்பா தானிய மண்டியில் படி அளந்தவர். அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். பள்ளிக்கூடத்தை விட்டபின் அப்பாவுக்குத் துணையாகச் சாக்குப் பிடித்து அந்தப் பழக்கம் என் நாக்கிலும் ஒட்டிவிட்டது. அமலா விரலை மடக்கிக் காட்டினாள். நிறம் கலக்காத கரைசலில் ஒரு கரண்டியை லாபம் என்று ஊற்றுகிறேன். பிறகு நிறத்தைக் கலந்து ஒன்று என்று ஆரம்பிக்கிறேன். ஓர் அடுக்கு கூடாமல் என்ன செய்யும்? கீரனூர்க் கிண்ணத்துக்குப் பயந்து பயந்து எண்ணிய அன்றைக்கு வெறுங்கிண்ணத்தைத் தொட்டு லாபம் சொல்லிவிட்டு, முதல் அடுக்கையே ரெண்டு என்று எண்ணியிருப்பேன். ஒன்று குறையாமல் என்ன செய்யும்?

எனக்கு எத்தனை மாதத்து மூச்சோ வெளியே வந்தது. ஆள் வந்ததும் போனதும் தற்செயல் என்றாள், அதையும் நம்பத் தயாராக இருந்தேன். அனுப்புவதற்கு முன் எல்லாக் கிண்ணத்தையும் பக்கவாட்டில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அவள் என் போனை எடுத்துக் கீரனூர்க் கிண்ணத்தைத் தேடி, விரலால் பெரிதாக்கினாள். சிரிப்பு நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், மேலே பச்சை. நான்கு அடுக்கும் துலக்கமாக இருந்தன. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதை அழிச்சிரும்மா."

நத்தத்து அண்டா

வளைகாப்புக்குத் தாய் வீட்டிலிருந்துதானே கலவைச் சோறு போக வேண்டும். சம்பந்தியம்மா போன் செய்து, சும்மா தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்தால் ஆகாது, ஊருக்கெல்லாம் அடுக்கி அடுக்கிக் கொடுக்கிறீர்களே, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கிக் கொண்டுவாருங்கள் என்றார். மாமனார், மாமியார், மாப்பிள்ளை, அமலா, அவள் வயிற்றில் இருப்பது. ஆக ஐந்து சோறு, ஐந்து அடுக்கு.

எலுமிச்சை, புளி, தேங்காய், தக்காளி, மல்லி என்று ஐந்தையும் கிளறி இறக்கினேன். கண்ணாடிப் பாத்திரத்தையும் கழுவித் துடைத்து வைத்தேன். நான்கு வந்துவிட்டால் என்கிற ஒரு நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. கடைசியில் எவர்சில்வர் அண்டாவை எடுத்து, ஐந்து சோற்றையும் அதில் கொட்டி, இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டி எது எந்தச் சோறு என்று தெரியாமல் கலந்துவிட்டேன். இனி எண்ண என்ன இருக்கிறது? கார் நத்தம் ரோட்டில் புளியமரங்களைத் தாண்டும்வரை மூடியின் மேலேயே கையை வைத்திருந்தேன்.

வளையல் போட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா மூடியைத் திறந்தார். அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்ததுதான். ஊருக்கெல்லாம் அடுக்கு, எங்களுக்கு மட்டும் கூழா என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டே கரண்டியை அண்டாவின் ஓரமாகச் செருகி, ஒரு பாளம் வெட்டி எடுத்தார். எடுத்த இடத்தில் சோறு சுவர் மாதிரி நின்றது. மஞ்சள் கோடு, பழுப்புக் கோடு, வெள்ளைக் கோடு. நூல் பிடித்த மாதிரி, ஒன்றோடொன்று ஒரு பருக்கைகூடக் கலக்காமல்.

அவர் குனிந்தார், எண்ணுவது போல உதடு அசைந்தது. நான் வளையலோடு கையை முழங்கைவரை அண்டாவுக்குள் விட்டுக் கலக்கினேன். அமலா மணையில் இருந்தபடி என்னையே பார்த்தாள். சம்பந்தியம்மா நிமிர்ந்து, என் காதருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தி, நான் எண்ணிட்டேன். சொல்லட்டுமா?"

கையில் இருந்த சோற்றை அப்படியே உருட்டி அவர் வாயில் ஊட்டிவிட்டேன். மெல்ல முடியாத அளவுக்குப் பெரிய உருண்டை. சம்பந்திகளுக்குள் என்ன ஒட்டுதல் பாருங்கள் என்று சபையில் எல்லாரும் சிரித்தார்கள். அமலாவுக்கு அதிலிருந்து ஆறாவது வாரம், குறித்த நாளுக்கு முன்னாலேயே பெண் குழந்தை பிறந்தது; எடை கொஞ்சம் குறைவு, இப்போது தவழ்கிறாள். கண்ணாடிக் கிண்ணங்களை எல்லாம் கொடுத்துவிட்டேன். அன்று எண்ணியது எத்தனை என்று சம்பந்தியம்மா இன்னும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்கிற நேரத்துக்கு ஊட்டிவிட ஏதாவது கையில் இல்லாமல் நான் நத்தம் பஸ்ஸில் ஏறுவதே இல்லை.