பேட்டரி தீராத பாட்டு

அந்தப் பாட்டு முடிகிற இடம் வரும்போதெல்லாம் பேட்டரி தீர்ந்துபோகிறது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். பாடுகிறவள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பிறகு ஒன்றுமே கேட்காது. அண்ணன் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் அதே இடத்தில் சத்தம் குறைந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தேரடித் தெருக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டான். அடுத்த பாட்டு முழுச் சத்தத்தோடு தொடங்குகிறதே என்பது எங்களுக்கு உறைக்கப் பல நாள் ஆயிற்று. பாட்டே அப்படித்தான். அது முடிவதில்லை, பாடிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போய்விடுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணனுக்கு மெட்ராஸில் வேலை. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தபோது, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பெட்டியோடு ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த பேப்பர் கிழிந்துபோய், பாடுவது யார், எந்த தேசம், ஒன்றும் தெரியாது. "பாப் மியூசிக்" என்று மட்டும் சொன்னான். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா, "அப்படின்னா இன்னாடா?" என்று கேட்டார். அண்ணனுக்கும் தெரியவில்லை. "அப்படின்னா பாப்தாம்பா" என்றான்.

எனக்கு அது கேட்கக் கேட்கத் தெரிந்தது. வேறு கேசட் இல்லாததால் கேட்டதையே கேட்க வேண்டியிருந்தது. உலை கொதிப்பதற்குள் மூன்று பாட்டு கேட்டுவிடலாம், அவ்வளவு சின்னப் பாட்டுகள். ராகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தாளம் ஒரே சீராகப் போகும். அதற்கு ஆட்டுக்கல்லைச் சுற்றலாம், துணி அலசலாம். முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கதை சொல்லும், பிறகு அந்த ஒரே அடிக்குத் திரும்பி வரும். மூன்றாம் முறை வரும்போது நமக்கே அது வாயில் வந்துவிடும். இப்படி எல்லோருடைய வாயிலும் வர வேண்டும், வந்தால்தான் விற்கும் என்றே அதைச் செய்கிறார்களாம். பெரிய வித்வான்கள் அதைக் கேவலமாகச் சொல்வார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் ஒரு கேவலமும் தெரியவில்லை. இட்லி கூடத்தான் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பாட்டின் அர்த்தத்தை இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். ஒருத்தி டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம். எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் டெலிபோன் கிடையாது. ஆனால் பதில் வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணின் குரல் கட்டைக் குரல். என்னுடையதைப் போலவே.

பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். எட்டாவதிலிருந்து பள்ளி முடிகிற வரைக்கும் அசைத்துக்கொண்டேதான் இருந்தேன். பொம்பளைக் குரல் என்றால் மேலே மேலே ஏற வேண்டும், குயில் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் ஊரில் எல்லோருக்கும் கணக்கு. இவளோ ஏறவே இல்லை. மைக்கைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் குறை சொல்வதுபோலப் பாடினாள். என் தொண்டையை வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கேயோ காசு வாங்கிப் பாடுகிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

அந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி அண்ணாமலையில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம் எங்களுடையது. பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்கள் ஜனங்களிடம் முன்பு கிடையாது. சினிமாவைப் பார்த்துப் பார்த்து அதுவும் ஒட்டிக்கொண்டது. அம்மா எனக்கு ஒரு சாமி பாட்டை மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள். அந்தப் பாட்டில் மேலே ஏறுகிற ஒரு வரி உண்டு. முதலில் வந்தவர்கள் முன்னால் அந்த வரியில் என் குரல் உடைந்தது. இரண்டாவதாக வந்தவர்கள் முன்னாலும் அதே வரியில் உடைந்தது. இரண்டு பேரும் "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்" என்று மிக்சரைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது இடத்திலிருந்து தரகர் மூலம் தகவலும் வந்தது: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. குரல்தான் ஆம்பள மாதிரி கீதுனு சொல்றாங்க."

அதற்குப் பிறகு அம்மா எதிரில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். வாசலில் யாராவது நின்றால், "உள்ள போயி பேசுடி" என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பயம் அவளுக்கு.

மூன்றாவதாகப் போளூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மாவும் லீவில் வந்திருந்த அண்ணனும் ஒரு திட்டம் போட்டார்கள். பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது. போன வாரம் பாடிப் பதிந்து வைத்ததைக் கேளுங்கள் என்று டேப்பைப் போட்டுவிடுவது. பாடுவது நான் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு நல்ல குயில் குரல்.

வெற்றுக் கேசட் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. இருந்த கேசட்டின் முதுகிலுள்ள ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகினால் அதன் மேலேயே பதியலாம் என்றான் அண்ணன். நாங்கள் அதிகம் கேட்காத இரண்டாம் பக்கத்தைப் போட்டு, "டெஸ்ட் பண்ணணும், நீ எதனா பாடு" என்று என்னிடம் சொன்னான். நான் டெலிபோன் பாட்டைப் பாடினேன். கூச்சமே இல்லாமல் பாதிக்கு மேல் போய்விட்டேன். சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போட்டதும் நிறுத்தினேன். பிறகு டேப்பை முதலுக்குச் சுற்றி, என் பாட்டின் மேலேயே பக்கத்து வீட்டுப் பெண்ணின் சாமி பாட்டைப் பதிந்தார்கள். அது என் பாட்டைவிடச் சின்னது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கூட அவருடைய அம்மாவும் ஓர் அத்தையும். நான் காபி கொடுத்துவிட்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். வெயில் கொளுத்துகிறது, மப்ளர் அம்மாவின் யோசனை. அண்ணன் டேப்பைப் போட்டான். குயில் கூவியது. மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகத் தலையாட்டினார். அத்தை கொட்டாவி விட்டார். பாட்டு நடுவிலிருந்தபோது அப்பா அண்ணனைக் கூப்பிட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். என்னைத் தவிர, பொத்தானை அமுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். நானோ எழுந்திருக்கக் கூடாது.

சாமி பாட்டு முடிந்தது. 'கட்'டென்று ஒரு சத்தம். உடனே என் குரல். நட்ட நடுக் கூடத்தில், இங்கிலீஷில், டெலிபோனுக்காகக் காத்திருந்தது. அப்பா பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பதாக நினைத்து ஜாஸ்தி பண்ணிவிட்டார். பாட்டு தெருவுக்கே கேட்டது. கடைசியில் அம்மாவின் சத்தம்: "போதும்டி பாடனது, அடுப்புல பால் பொங்குது பாரு." அப்பாவின் கை ஏதோ பொத்தானில் பட்டு, அதோடு நின்றது.

"இது யாருங்க பாடறது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அது யாரோங்க. கேசட்லயே இருந்தது" என்றாள்.

யாரோ. அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாயை மட்டும் அசைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தேன்.

"அது நான்தாங்க" என்றேன்.

"அப்ப மொதல்ல பாடனது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க."

"உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுனு சொன்னாங்களேம்மா?"

"இல்லீங்க. இதான் என் தொண்டை."

அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாட்டு பாதியில நின்னுபோச்சே. மீதி இன்னா?" என்று கேட்டார்.

நான் பாடினேன். நடுங்கிக்கொண்டேதான் தொடங்கினேன். ஆனால் அந்தப் பாட்டில் உடைவதற்கு உயரமான வரியே கிடையாது. அந்த அடி இரண்டாவது முறை வந்தபோது அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறை அவரும் கூடவே முனகினார். வார்த்தை தெரியாது, அர்த்தம் தெரியாது, மெட்டு மட்டும் சரியாக வந்தது. வாத்தியாரின் கால் கட்டைவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அதைத் தலை குனிந்தபடியே பார்த்துவிட்டேன்.

எப்படி முடிப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. டேப்பில் கேட்டது போலவே அந்த அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரலைக் குறைத்துக்கொண்டே போனேன். எனக்குத் தைரியம் போய்விட்டது என்று நினைத்த அப்பா, "பயப்படாம பாடும்மா" என்றார். சோடாவோடு உள்ளே வந்த அண்ணனுக்கு மட்டும் புரிந்தது. "பாட்டே அப்படித்தாம்பா" என்றான்.

போளூரிலிருந்து சம்மதம் வர ஒரு வாரம் ஆயிற்று. பொய் சொன்ன வீடு வேண்டாம் என்று அங்கே ஒரு பேச்சு நடந்ததாம். உண்மையைச் சொன்ன பெண் வேண்டும் என்று வாத்தியார் சொன்னாராம். அவர் இன்றைக்கும் குளிக்கும்போது அந்தப் பாட்டைத்தான் பாடுகிறார், தப்புத் தப்பாக.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அவர்கள் போனதிலிருந்து அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. விளக்கு வைத்துவிட்டு அடுப்பில் உலை ஏற்றியவள், என்னைப் பார்க்காமலே, "அந்தப் பொட்டியக் கொண்டா" என்றாள்.

"எதப் போடணும்? சாமி பாட்டா?"

"இல்லடி. உன்னுது."

போட்டேன். அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். என் பாட்டு ஓடியது. முடிவில், பால் பொங்குவதாக அதட்டுகிற சத்தம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது யாரு, ஆம்பளக் குரல்ல அதட்டறது?"

"நீதாம்மா."

நம்பவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள். அதுவரை அவள் தன் குரலை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. இப்போது கேட்டாள். என் குரல் முடிந்து அவள் குரல் தொடங்குகிற இடம் எதுவென்று வார்த்தையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

"இவ்ளோ கட்டையாவா கீது என் குரலு?"

"ஆமாம்மா."

"அப்ப எங்கிட்டேருந்துதான் உனக்கு வந்துகீது." முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். "அதப் போயி யாரோனு சொல்லிட்டேனே."

நான் எழுந்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி போட வேண்டும். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ முழுசாப் பாடு" என்றாள். "அடுப்ப நான் பாத்துக்கறேன்."