என் காலில் ஊற்றிய தண்ணீர்

தலையில் எரிகிற விளக்கு. கையை எடுக்க முடியாது, குனிந்து பார்க்க முடியாது. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையைக் காணோம். அந்த நேரத்தில் அம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் மலேசியாவில் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். 2007இல் என் கணவருக்கு ஹைதராபாத் மாதாப்பூரில் சில மாத சாப்ட்வேர் வேலை. நானும் ஐந்து வயது மகள் ஷாமினியும் கூடவே போனோம். சைனிக்புரியில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் சுஜாதாக்கா. தெலுங்குக்காரர். அவர் கணவர் ராணுவத்தில் இருந்தவர், ஆவடியில் வெகுநாள் வேலை பார்த்தவர். அதனால் அக்காவுக்கு நன்றாகவே தமிழ் வரும்.

ஊர் மாறிய அலைச்சலில் அந்த வருடம் நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவில்லை. அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஆடி பிறந்ததும் அக்காவே கூப்பிட்டார். "செகந்திராபாத்ல எங்கம்மா வீட்டுக்கு வா. போனாலு பண்டிகை. நீயும் ஒரு போனம் எடு. உங்க பால்குடம் மாதிரிதான்."

போனம் என்றால் பானைதான். பாலும் வெல்லமும் போட்டுப் பொங்கிய சோற்றை அதில் வைத்து, வெளியே மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றுவார்கள். அதைத் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்கு நடக்க வேண்டும். குடம் எடுத்தால் இறக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். அது எங்கள் வீட்டு வழக்கம். "தலைப்பை விட்டுறாத. அம்மா பேச மாட்டேன்" என்று ஷாமினியிடம் சொல்லிவிட்டுத்தான் பானையை ஏற்றிக்கொண்டேன். கணவருக்கு அன்று ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்.

கோயில் தெருவுக்குள் நுழைந்தோம். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, சாட்டையைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் ஆடி வந்தார். போத்தராஜு என்கிறார்கள், அம்மனுக்குத் தம்பியாம். தப்பட்டைச் சத்தம் காதை அடைத்தது. அவருக்கு வழிவிட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, மறுபடி சேர்ந்துகொண்டது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோளில் அந்தச் சின்ன இழுப்பு இல்லை.

விரதமாவது ஒன்றாவது. "ஷாமினி, ஷாமினி" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பானையை இறக்கப் போனேன். பக்கத்தில் நடந்து வந்த சுஜாதாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. இங்க குனிஞ்சா உன்னை மிதிச்சுடுவாங்க. நெருப்பு வேற இருக்கு. பின்னால போக வழியில்ல, கயிறு கட்டிருக்காங்க. முன்னாலதான் போகணும். கூட வந்த என் தம்பி போலீஸ்கிட்ட ஓடிருக்கான்."

சற்று நேரத்தில் மைக்கில் என் பிள்ளை பெயர் கேட்டது. முதலில் தெலுங்கில், பிறகு உருதுவில். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தமிழும் மலாயும்தான் தெரியும். யாராவது கையைப் பிடித்து "உங்க வீடு எங்கே" என்று கேட்டால்கூடப் புரியாது. "தமிழ்ல சொல்லச் சொல்லுங்கக்கா" என்றேன். அக்கா மைக் இருந்த பக்கம் திரும்பிக் கத்திப் பார்த்தார், யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் தள்ளத் தள்ள நடந்தேன். விளக்கின் எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அப்போது நான் வேண்டியதை வேண்டுதல் என்று சொல்லலாமா, தெரியவில்லை. அம்மனிடம் சண்டைதான் போட்டேன். "உன் சோற்றை நான் பத்திரமாகச் சுமக்கிறேன். என் பிள்ளையை நீ சுமக்க மாட்டாயா? அவள் இல்லாமல் உன் வாசலுக்கு வர மாட்டேன். இந்தத் தெருவிலேயே பானையைப் போட்டு உடைப்பேன்." மரியாதையே இல்லாமல் கேட்டேன். பயத்தில் மரியாதை எங்கே வரும்?

அப்போது என் காலில் சில்லென்று தண்ணீர் விழுந்தது.

போனம் சுமந்து வருகிறவளிடம் அம்மன் இறங்கியிருப்பாளாம். அதனால் வழியில் பெண்கள் அவள் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றி முடிக்கும்வரை நிற்க வேண்டும் என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார். நின்றேன். குனிய முடியவில்லை. கீழேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அம்மா, ஏன் இவ்ளோ லேட்டு?"

அக்கா என் தலையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டார். குனிந்து பார்த்தேன். பாவாடையெல்லாம் நனைந்து, கையில் சொம்போடு என் ஷாமினி நின்றாள். பக்கத்தில், தன் வீட்டு வாசலில் ஒரு பெண், பெரிய அண்டாவோடு. கூட்டத்தோடு முன்னால் தள்ளப்பட்டு வந்து அழுத குழந்தைக்கு அவள்தான் சொம்பைக் கொடுத்திருக்கிறாள். போகிற போனத்துக்கெல்லாம் இவளும் சேர்ந்து ஊற்றியிருக்கிறாள்.

தைப்பூசக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு நாங்கள் ஒன்று சொல்லி வைப்போம். காணாமல் போனால் தண்ணீர்ப் பந்தலில் போய் நில், அம்மா அந்த வழியாகத்தான் வருவேன் என்று. இங்கே யாரோ அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்ததைப் பார்த்ததும் பிள்ளை அதைத் தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்துவிட்டாள். குடிக்கிற தண்ணீர் இல்லை அது. ஆனால் போனம் எடுத்த எவளும் அங்கே நிற்காமல் போக முடியாது. தமிழே தெரியாத தெருவில் என் மகளைச் சரியான வாசலில் நிறுத்தியது யார்? எனக்குச் சந்தேகமில்லை.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கோயில் வாசலை மிதித்தேன். பானையை அக்கா சுமந்து வந்தார். சந்நிதியில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

ஈப்போ திரும்பிய பிறகு மௌன விரதத்தை விட்டுவிட்டேன். இப்போது தைப்பூசத்துக்கு நான் அண்டாவோடு வழியில் நிற்கிறேன், பால்குடம் எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுகிறேன். யாராவது ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன்.

உங்களுக்கும் இரண்டு கையும் நிறைந்த நேரம் வரும். இறக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அப்போது அவளிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் சண்டை போடுங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஷாமினி இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. நான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே குறுக்கே வந்துவிடுவாள். "நான் எங்கேம்மா தொலைஞ்சேன்? நீ சொன்ன இடத்துலதான நின்னேன்."